முந்தி விதைத்தவள்

என் மனைவிக்குக் காய்ச்சல், தலைவலி என்று அதிகம் வருவதில்லை. வருவதெல்லாம் வயிற்றெரிச்சல்தான். அதற்கு மருந்துக் கடையில் மாத்திரை கிடையாது, ஏனென்றால் நோய் வரப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அவளுடைய தங்கை.

இருவருக்கும் பதினோரு மாத வித்தியாசம். தான் நடக்கப் பழகுவதற்குள் இன்னொருத்தி வந்து அம்மாவின் மடியைப் பிடித்துக்கொண்டாள் என்பது என் மனைவியின் முதல் புகார். இது அவளுக்கு நினைவிருக்க வழியே இல்லை. யாரோ சொல்லக் கேட்டு, சொந்த நினைவாக ஆக்கி வைத்திருக்கிறாள். பிறகு புகார்கள் வரிசையாக வந்தன. சின்னவளுக்குக் கணக்கு நன்றாக வரும். சின்னவளுக்கு முடி இடுப்புக்குக் கீழே. சின்னவள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வேகமாக வருகிறது. சின்னவளின் புருஷன், அதாவது என் சகலை, பஸ் பணிமனையில் மெக்கானிக். மாதம் பிறந்தால் சம்பளம், வீட்டுக்கு வந்தால் வாயே திறப்பதில்லை. "அவளுக்கு வாய்ச்சவரைப் பாருங்க" என்பாள். எனக்கு என்ன குறைச்சல் என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். "நீங்க பேசுறீங்க" என்றாள்.

பேசுகிறவன்தான், ஒப்புக்கொள்கிறேன். பேசாதவனிடமிருந்து இந்தக் கதை உங்களுக்குக் கிடைத்திருக்காது.

எனக்கு எண்ணெய் ஆலையில் மூட்டை சோதிக்கிற வேலை. வண்டியில் சூரியகாந்தி விதை வந்து இறங்கும். குத்தூசியை மூட்டையின் வயிற்றில் செருகி, கொஞ்சம் விதையை உருவி எடுப்பேன். அதை ஒரு லிட்டர் டின்னில் தலைதட்டி அளந்து தராசில் வைப்பேன். நல்ல விதை என்றால் ஒரு டின் நானூறு கிராம் நிற்கும். முந்நூறுக்குக் கீழே போனால் உள்ளே பருப்பு இல்லை, பொக்கு என்று அர்த்தம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். தராசுக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

நிலம் என் மாமனார் கொடுத்தது. இரண்டு பெண்களுக்கும் ஆளுக்கு இரண்டு ஏக்கர், நடுவே ஒரு வரப்பு, வரப்பின் தலைப்பில் ஒரு கிணறு, ஒரே மோட்டார். ஒருநாள் இவளுக்குத் தண்ணீர், மறுநாள் அவளுக்கு. மனுஷன் கயிறு பிடித்துச் சரிபாதியாகத்தான் அளந்தார். அவள் பக்கம் ஒரு முழம் கூடுதல் என்று இவள் பதினாறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நிலம் இரண்டு குடும்பத்துக்கும் என்றாலும் பயிர் பொம்பளைகள் பாடுதான். நானும் சகலையும் விடுமுறை நாளில் மண்வெட்டி பிடிப்பதோடு சரி. எல்லாவற்றிலும் தங்கையிடம் தோற்றதாக நினைக்கிற என் மனைவி, ஒன்றில் மட்டும் தோற்க மாட்டாள். முதலில் விதைப்பாள், முதலில் அறுப்பாள், ஆலைக்கு முதல் வண்டி அவளுடையதாக இருக்கும். ஆலையில் எல்லோரும் அவளை எக்ஸ்பிரஸ் என்றுதான் சொல்வார்கள். சீசனில் முதலில் வரும் மூட்டைக்கு ஒன்றாம் நம்பர் சீட்டு கொடுப்போம். சும்மா ஒரு துண்டுக் காகிதம். அந்த மாதிரி ஆறு சீட்டுகளை அவள் பவுடர் டப்பாவில் மடித்து வைத்திருக்கிறாள். நிலப் பத்திரத்தைக்கூட அவள் அவ்வளவு பத்திரமாக வைத்ததில்லை.

போன வருடம்தான் அந்த ஏழாவது சீட்டு வந்தது.

எங்கள் பக்கத்துக்கு விதைப்பு மெஷின் ஒன்றே ஒன்று. டிராக்டருக்குப் பின்னால் மாட்டி, ஒரே ஓட்டத்தில் நாலு வரிசை விதை போடும். டிரைவர் முறை வைத்து வருவார். அந்த முறை சின்னவள் முந்திக்கொண்டு சொல்லி வைத்துவிட்டாள். காலையில் அவளுக்கு, மதியத்துக்கு மேல் எங்களுக்கு. அரை நாள் வித்தியாசம். இதைக் கேட்டதிலிருந்து இவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அன்று எனக்கு விடுமுறை. சாலைத் திருப்பத்தில் டிராக்டர் சத்தம் கேட்டதும் இவள் ஓடிப்போய்க் கையைக் காட்டி நிறுத்தினாள். நான் பின்னாலேயே போனேன்.

"என் தங்கச்சி வயல்ல இன்னும் ஈரம் காயலைங்க. சக்கரம் புதைஞ்சிடும். எங்களுக்கு முதல்ல ஓட்டிடுங்க. அவதான் சொல்லச் சொன்னா."

முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் சொன்னாள். சின்னவள் வயல் பொடிபோல் காய்ந்து கிடந்தது எனக்குத் தெரியும். டிரைவர் என்னைப் பார்த்தார். பேசுகிறவன் அன்றைக்குப் பேசவில்லை. கட்டியவளைக் காட்டிக்கொடுக்கவா முடியும் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். உண்மையில் வீட்டுக்குப் போனால் என்ன கிடைக்கும் என்ற பயம்தான்.

மதியத்துக்குள் எங்கள் வயல் விதைத்து முடிந்தது. டிரைவர் சாப்பிட உட்கார்ந்தார். அவர் கை கழுவுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அந்த மாதத்தில் எங்கள் பக்கம் மழையே கிடையாது. நாலு நாள் விடாமல் பெய்தது. வண்டி இறங்க வழியில்லாமல், டிரைவர் மெஷினோடு வேறு பக்கம் போய்விட்டார். திரும்பி வந்து சின்னவளுக்கு விதைத்தபோது பத்தொன்பது நாள் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு ஒன்றரை மாதம் என் வீட்டில் நான் கண்டது பொற்காலம். குழம்பில் உப்பு சரியாக இருந்தது. கூப்பிட்டால் 'என்ன' என்று கேட்காமல் 'சொல்லுங்க' என்றாள். சாயங்காலம் வரப்பில் போய் நிற்பாள். இந்தப் பக்கம் இவள் செடி முழங்கால் உயரம், அந்தப் பக்கம் அவள் செடி இரண்டு இலை. "பாவங்க, இந்த வருஷம் அவளுக்கு லேட்டாயிடுச்சு" என்பாள். அந்தப் 'பாவம்' என்கிற சொல்லை அவ்வளவு இனிப்பாகச் சொல்ல இன்னொருவரால் முடியாது.

எங்கள் பூ விரிந்த அன்றுதான் வெயில் வந்து உட்கார்ந்தது.

முன்பெல்லாம் எங்களுக்கு வெயில் எப்போது வரும் என்று தெரியும். அறுத்த பூவைக் களத்தில் பரப்பி வைத்துவிட்டு, வா என்று அழைப்போம், வந்து காயவைத்துக் கொடுத்துவிட்டுப் போகும். கொஞ்ச வருடமாக அதற்குத் தேதி மறந்துவிட்டது. மழை வெயிலின் இடத்தில் வருகிறது, வெயில் பூவின் இடத்தில் வருகிறது. அந்த முறை பதினோரு நாள் அனல் காற்று. காலை எட்டு மணிக்கே மோட்டார் ஸ்விட்சைத் தொட முடியாது. தேனீக்கள் பூவுக்கு வராமல், கிணற்றுக் குழாயில் சொட்டுகிற தண்ணீரைச் சுற்றி அப்பிக்கொண்டு கிடந்தன.

தேனீ வராவிட்டால் சூரியகாந்தியில் ஆள் போய்த்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். கையில் மெல்லிய துணியைச் சுற்றிக்கொண்டு, ஒவ்வொரு பூவின் முகத்தையும் குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல் லேசாகத் தடவிக்கொண்டே போக வேண்டும். ஒரு பூவின் மகரந்தம் துணியில் ஒட்டி அடுத்த பூவுக்குப் போகும். இவள் பழைய தலையணை உறையைக் கையில் சுற்றிக்கொண்டு போனாள். இரண்டு ஏக்கர், எத்தனை ஆயிரம் பூ என்று யோசித்துப் பாருங்கள். மூன்றாம் நாள் சின்னவளும் ஒரு துணியோடு வந்து எதிர்ப்பக்கத்திலிருந்து தடவ ஆரம்பித்தாள். அவள் வயலில் அப்போது மொட்டுகூட இல்லை.

"உதவியா பண்றா? என் பூ எப்படி இருக்குன்னு பார்த்துட்டுப் போக வந்திருக்கா" என்றாள் இவள். ஆனால் போகச் சொல்லவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து, கையிலிருந்த உறையை அவிழ்த்து என் முன்னால் விரித்தாள். நல்ல மகரந்தம் என்றால் துணி மஞ்சள் குளித்திருக்க வேண்டும்.

"பாருங்க. வெள்ளையாவே இருக்கு."

எனக்குப் புரிந்தது. மகரந்தம் பூவிலேயே கருகிவிட்டது. "பரவாயில்லை, நாளைக்குப் பார்க்கலாம்" என்றேன். மறுநாளும் வெள்ளை. பதினோரு நாளும் அவள் போய்த் தடவினாள்.

சூரியகாந்தியைப் போல நெஞ்சழுத்தமான பயிர் கிடையாது. உள்ளே ஒன்றும் இல்லாவிட்டாலும் வெளியே காட்டிக்கொள்ளாது. தட்டு அகலத்துக்குப் பூ, வரிசை தப்பாமல் கறுப்பு விதை, பார்க்கிறவர்கள் எல்லாம் "இந்த வருஷமும் எக்ஸ்பிரஸ்தான்" என்றார்கள். இவளுக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. அறுத்துத் தட்டி மூட்டை பிடித்தபோது, நான் ஒரு மூட்டையை ஒற்றைக் கையால் வண்டியில் ஏற்றினேன். வழக்கமாக இரண்டு பேர் பிடிப்போம். இவள் அதைப் பார்த்தாள், பார்க்காத மாதிரி மாட்டை ஓட்டச் சொன்னாள்.

ஒன்றாம் நம்பர் சீட்டு கிடைத்தது. சொந்த வீட்டு மூட்டையை நான் சோதிக்கக் கூடாது என்பது ஆலை விதி. சூப்பர்வைசரே குத்தூசியை எடுத்தார். டின் இருநூற்று நாற்பது நின்றது. அவர் இரண்டு விதையை நகத்தால் கீறிப் பார்த்தார்.

"அக்கா, இது எண்ணெய்க்கு ஆகாதுக்கா. தோல்தான் இருக்கு. அடுப்புக்கு வேணா எரிக்கலாம்."

"தராசைச் சரியா பாருங்க."

அவர் தராசைத் துடைத்து மறுபடி வைத்தார். அதே இருநூற்று நாற்பது. என் மனைவி முகத்தில் ஈயாடவில்லை. அந்த வாரம் வந்த முப்பது சீட்டும் அப்படித்தான் என்று பிறகு தெரிந்தது. நேரத்தோடு விதைத்த அத்தனை பேருக்கும் பொக்கு. ஆனால் அது அவளுக்கு ஆறுதலாக இல்லை. முப்பது பேரில் எவரும் அவளுடைய தங்கை இல்லையே.

விதை இல்லாததால் ஆலையில் மூன்று செக்கு மெஷினில் ஒன்றுதான் ஓடியது. வாசலில் எண்ணெய் விலை எழுதும் பலகையை ஒரே மாதத்தில் நாலு முறை அழித்து எழுதினோம். ஒரு லிட்டர் பாட்டிலோடு வந்தவர்கள் பலகையைப் பார்த்துவிட்டு அரை லிட்டர் கேட்டார்கள், அரை லிட்டர்காரர்கள் கால். எதிரே இருந்த பொரித்த மீன் கடைக்காரர் மீனை அவித்து விற்க ஆரம்பித்தார், வாங்கத்தான் ஆள் இல்லை. எங்கள் வீட்டில் இவள் பாட்டில் மூடியால் எண்ணெயை அளந்து சட்டியில் ஊற்றினாள்.

அந்த நேரம் பார்த்து, சின்னவள் வண்டி ஆலைக்கு வந்தது. அவள் பூ விரிந்தபோது அனல் காற்று அடங்கி, வானம் மூட்டம் போட்டு, தேனீக்கள் குழாயை விட்டுக் கிளம்பியிருந்தன. சீட்டு நாற்பத்தேழு. மச்சினி மூட்டையைச் சோதிக்கக் கூடாது என்று விதி இல்லை. நான்தான் குத்தினேன். டின்னைத் தராசில் வைத்ததும் முள் ஓடிப்போய் நின்ற இடத்தைப் பார்த்து, முதலாளி அறையை விட்டு வெளியே வந்தார். அவளுக்கு நாற்காலி போடச் சொன்னார், விலையையும் ஏற்றிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தேன். இவள் அடுப்பில் முட்டை உடைத்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு நின்னுச்சு?"

"எது?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. டின்னு."

முந்நூற்றைம்பது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. "நானூத்திப் பதினஞ்சு" என்றேன்.

அவள் எண்ணெய் மூடியைக் கவிழ்க்காமல் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். முட்டை சட்டியில் ஒட்டிக் கருகியது. பிறகு திரும்பாமலே சொன்னாள்: "என் பொக்குதாங்க அவளுக்கு விலை. என்னுது விளைஞ்சிருந்தா, அந்த முப்பது பேருக்கு விளைஞ்சிருந்தா, அவளுக்கு இந்த விலை யாரு குடுப்பா? அவ லேட்டா விதைச்சதுக்கும் நான்தான் காரணம். நானே பார்த்துப் பார்த்துப் பண்ணிக் குடுத்த மாதிரி ஆயிடுச்சு."

எண்ணெய் விலை ஏன் ஏறியது என்று முதலாளி முதல் ரேடியோ வரை எத்தனையோ பேர் விளக்கிக் கேட்டிருக்கிறேன். இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை.

இரண்டு நாளில் சின்னவள் ஐந்து லிட்டர் எண்ணெய் டின்னோடு வந்தாள். அவள் விதையில் ஆட்டிய எண்ணெய். "அக்கா, நீ ரொம்பக் கஷ்டப்பட்ட. வச்சுக்கோ" என்றாள். இவள் சிரித்து, காபி கொடுத்து, வாசல் வரை போய் வழியனுப்பினாள். உள்ளே வந்ததும் டின்னைத் தூக்கிப் பரண்மேல் வைத்தாள்.

"அதுல பொரிச்சா எனக்குத் தொண்டையில இறங்காது."

பரணில் ஐந்து லிட்டர் இருக்க, கடையில் கால் லிட்டர் வாங்கிச் சமைத்த ஒரே வீடு எங்களுடையதாகத்தான் இருக்கும். சாப்பிட உட்காரும்போதெல்லாம் அந்த டின் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இந்த வருடம் விதைப்புக் காலம் வந்தது. டிரைவர் வந்து கேட்டார். "தங்கச்சிக்கு முதல்ல ஓட்டுங்க" என்றாள் இவள். டிரைவர் அங்கே போனார். "அக்காதான் எப்பவும் முதல்ல. அவங்களுக்கு ஓட்டிட்டு வாங்க" என்றாள் அவள். திரும்பி இங்கே வந்தார். "அவளுக்கு ஓட்டுங்கன்னு சொன்னேனே." மனுஷன் சாலையில் என்ஜினை ஓடவிட்டு, என்னைக் கூப்பிட்டார்.

"போன வருஷம் நடு ரோட்டுல மறிச்சாங்க. இந்த வருஷம் ரெண்டு பேரும் கதவைச் சாத்துறாங்க. என்ன அண்ணே இது?"

என்ன சொல்வது? போன வருடம் பிந்தியவள் ஜெயித்தாள். ஆகவே இந்த வருடம் இருவருமே பிந்த வேண்டும். ஒருத்தி விதைத்த பிறகுதான் இன்னொருத்தி விதைப்பாள். பெய்த மழையின் ஈரம் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டிருந்தது. ஊரில் எல்லோருக்கும் முளை வந்துவிட்டது. இந்த நாலு ஏக்கர் மட்டும் மொட்டையாகக் கிடந்தது. காலையில் இருவரும் மோட்டார் பார்க்கிற சாக்கில் கிணற்றடிக்குப் போவார்கள். இவள் அவள் வயலைப் பார்ப்பாள், அவள் இவள் வயலைப் பார்ப்பாள், மோட்டாரை யாரும் பார்க்க மாட்டார்கள். இன்னும் மூன்று நாளில் மெஷின் வேறு பக்கம் போகிறது, பிறகு வராது என்று டிரைவர் சொல்லி அனுப்பினார்.

"போனா போகட்டும்னு விட்டா, ரெண்டு வருஷம் விளைச்சல் இல்லாம ஆயிடும். வீடு தாங்காது" என்றேன்.

"தெரியும்" என்றாள். பிறகு ஸ்டூல் போட்டு ஏறி, பரணிலிருந்து டின்னை இறக்கினாள். மூடியைத் திறந்து முகர்ந்தாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள், அதிலும் ஒரு வருத்தம். உருளைக்கிழங்கை மெல்லிசாகச் சீவி, சட்டி நிறைய அந்த எண்ணெயை ஊற்றிப் பொரித்து, டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு, "வாங்க" என்றாள்.

சின்னவள் வீட்டில் சகலையும் இருந்தார். இவள் டப்பாவை மேஜைமேல் வைத்தாள். உட்காரவில்லை.

"போன வருஷம் உன் வயல்ல ஈரம்னு டிரைவர்கிட்டப் பொய் சொன்னேன். நீ சொல்லச் சொன்னதாவும் சொன்னேன்."

சின்னவள் டப்பாவைப் பார்த்தபடி சொன்னாள்: "தெரியும். அன்னைக்கே மாடியிலிருந்து பார்த்தேன், மெஷின் உன் பக்கம் திரும்பினதை."

"அப்புறம் ஏன் வந்து கேக்கலை?"

"அன்னைக்குக் காலையில ரேடியோல மழைன்னு சொன்னாங்க. விதைச்ச உடனே அடிச்சுப் பெய்ஞ்சா மேல்மண் இறுகிடும், உனக்கு முளைக்காதுன்னு நினைச்சேன். அதான் விட்டுட்டேன்."

வந்த காரியம் இவளுக்கு மறந்துபோனது. "என் விதை முளைக்கக் கூடாதுன்னு நினைச்சியா? கூடப்பிறந்தவ நினைக்கிற நினைப்பா இது?"

"ஆமா. ஆறு வருஷமா முதல் சீட்டு முதல் சீட்டுன்னு டப்பாவைத் திறந்து திறந்து காட்டினியே. எனக்கு மட்டும் வயிறு எரியாதா?"

என் மனைவி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். தன்னைப் பார்த்துத் தங்கை பொறாமைப்பட முடியும் என்பது நாற்பத்திரண்டு வருடத்தில் அவளுக்குத் தோன்றியதே இல்லை. கோபத்துக்கு நடுவே அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அது சந்தோஷம்.

அப்போதுதான் சகலை தொண்டையைச் செருமினார். "ரெண்டு வயல்லயும் மேல்பாதியை இப்பவே ஓட்டிடலாம். கீழ்ப்பாதிக்குத் தண்ணி பாய்ச்சி, இருபது நாள் கழிச்சு ஆள் வச்சுக் கையால விதையை ஊனிக்கலாம். வெயில் எப்போ வந்தாலும் ரெண்டு பேருக்கும் பாதி தங்கும்."

எல்லோரும் அவரைப் பார்த்தோம். அவர் ஒரு கிழங்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு மறுபடி மௌனமாகிவிட்டார். திரும்பி வரும் வழியில் இவள், "அவரும் பேசுறாரே" என்றாள். பெரிய ஏமாற்றம்.

மறுநாள் மெஷின் இரண்டு வயலின் மேல்பாதியையும் ஒரே நேர்கோட்டில் ஓட்டியது. வரப்பு வந்ததும் டிரைவர் கொழுவைத் தூக்கி, தாண்டி, மறுபடி இறக்கினார். யார் முந்தி என்று அவரைக் கேட்டால் அவருக்கே தெரியாது.

இப்போது மேல்பாதி பூத்திருக்கிறது. கீழ்ப்பாதி முழங்கால் உயரம். வெயில் இந்த வருடம் இன்னும் வரவில்லை, எந்தப் பாதியில் வந்து உட்காரும் என்று ஒருவருக்கும் தெரியாது. தேனீ போதவில்லை என்று நேற்று அக்காளும் தங்கையும் சேர்ந்தே பூத் தடவப் போனார்கள். இவள் அந்தப் பழைய தலையணை உறையை இரண்டாகக் கிழித்து அவளுக்குப் பாதி கொடுத்திருக்கிறாள்.

வந்ததும் கையிலிருந்த துணியை அவிழ்த்து என் முன்னால் விரித்தாள். வெள்ளையே தெரியவில்லை. ஓரத்திலிருந்து ஓரம் வரை மஞ்சள். நான் விரலால் தொட்டுப் பார்த்தேன், விரலும் மஞ்சளானது.

அவளும் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கியிருந்தது. பிறகு துணியை மெதுவாக மடித்தாள்.

"அவளுது இன்னும் கொஞ்சம் மஞ்சளா இருந்துச்சுங்க" என்றாள்.